ஹாம்ஸ்டருக்கும் சிறு கொறிவிலங்குகளுக்கும் குடிதண்ணீர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம்ஸ்டர், கினி பிக், ஜெர்பில், வெள்ளை எலி, சுண்டெலி வளர்ப்பவர்கள் தண்ணீர் குறித்துத் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். தீனி பற்றிப் பேச எல்லோருக்கும் ஆர்வம் இருக்கிறது. தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் ஒருமுறை மாட்டிவிட்டு மறந்துபோகிறார்கள். இந்த விலங்குகளுக்கு வரும் தண்ணீர்த் தொல்லைகளில் பெரும்பாலானவை அந்த மறதியில்தான் தொடங்குகின்றன.

ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கும்?

உடல் எடையில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 மில்லி. ஹாம்ஸ்டர், எலி, கினி பிக் மூன்றுக்கும் இந்தக் கணக்கு ஓரளவு பொருந்தும். 120 கிராம் எடையுள்ள சிரியன் ஹாம்ஸ்டர் என்றால் 10 முதல் 15 மில்லி. 40 கிராம் குட்டை வகை ஹாம்ஸ்டருக்கு 4 மில்லி போதும், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. 900 கிராம் கினி பிக் 90 மில்லி வரை குடிக்கும். உலர்ந்த புல்லும் பெல்லட்டும் (அச்சில் அழுத்திய உலர்தீனி) மட்டும் தின்றால் அதற்கு மேலும் போகும். வளர்ந்த பெரிய எலி 25 முதல் 45 மில்லி குடிக்கும். சுண்டெலி தன் எடைக்கு இவற்றையெல்லாம் விட அதிகம் குடிக்கும்: 30 கிராம் உடம்புக்கு 4, 5 மில்லி. ஜெர்பில்தான் சிக்கனம், 80 கிராம் இருந்தாலும் 4 மில்லி அளவில் நிறுத்திக்கொள்ளும்.

வெள்ளரி, கீரை கொடுத்த நாளில் குறையும். கோடையில் கூடும். பாலூட்டும் தாய்க்கு இரண்டு மடங்கும் தேவைப்படலாம். பொது அளவை விட முக்கியம், உங்கள் விலங்கு வழக்கமாக எவ்வளவு குடிக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருப்பது. நோய் வரும்போது முதலில் மாறுகிற எண்களில் அதுவும் ஒன்று.

அது பாலைவன விலங்குதானே, தண்ணீர் இல்லாமலே இருக்கும் என்று கடையில் சொன்னார்களே?

சிரியன் ஹாம்ஸ்டர் வறண்ட நிலத்து விலங்கு என்பது உண்மை. 1930இல் விலங்கியலாளர் இஸ்ரேல் அஹரோனி சிரியாவின் அலெப்போ அருகே ஒரு தாயையும் குட்டிகளையும் வளையிலிருந்து தோண்டி எடுத்தார். இன்று வீடுகளில் இருக்கும் சிரியன் ஹாம்ஸ்டர்களில் ஏறக்குறைய எல்லாமே அந்த ஒரே ஈற்றின் வம்சம். சிறுநீரைக் கெட்டியாக்கி உடம்பில் நீரைச் சேமிக்கும் திறன் அதற்கு உண்டு.

ஆனால் காட்டில் அது பச்சைத் தழை, பூச்சி, பனித்துளி ஆகியவற்றிலிருந்தும் நீர் எடுத்துக்கொள்கிறது. நம் வீட்டில் அதன் கிண்ணத்தில் விழுவது சூரியகாந்தி விதை, ஓட்ஸ், சோளம் போன்ற காய்ந்த தானியம். அதில் ஈரம் பத்து சதவீத அளவில்தான் இருக்கும். தண்ணீர் கிடைக்காவிட்டால் அது முதலில் தீனியைக் குறைக்கும், பிறகு சோர்ந்து படுக்கும். சென்னை, மதுரை வெயிலில் ஒரே நாளில் நிலைமை மோசமாகிவிடும். 24 மணி நேரமும் தண்ணீர் எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். இதில் எந்தச் சமரசமும் வேண்டாம்.

பாட்டிலா, கிண்ணமா?

ஹாம்ஸ்டருக்கு இரண்டும் சரி. கிண்ணத்தில் குடிக்கும்போது அதன் தலை இயல்பான நிலையில் இருக்கும், வேகமாகவும் குடிக்கும். தண்ணீர் வருகிறதா என்ற சந்தேகத்துக்கும் இடமில்லை. குறை, அழுக்கு. படுக்கையாகப் போட்ட மரச்சீவலை வாரிப் போட்டுவிடும், மேலேயே கழிக்கும், கவிழ்த்தும் விடும். கிண்ணம் வைப்பதென்றால் கனமான பீங்கானாக, 6, 7 சென்டிமீட்டர் அகலத்தில், தண்ணீர் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாதபடி வையுங்கள். அதைத் தரையில் வைக்காமல் மரச்சீவலுக்கு மேலே ஒரு ஓட்டுத்துண்டு அல்லது மேடையில் வைத்தால் பாதி அழுக்கு குறையும். மணல் குளியல் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. ஒரே இரவில் சேறாகிவிடும்.

பாட்டிலில் தண்ணீர் சுத்தமாக இருக்கும், எவ்வளவு குடித்தது என்று அளக்கலாம். குறை, அது அடைத்துக்கொண்டால் வெளியே தெரியாது. நிறைய பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள்: பாட்டில் நிறைந்திருப்பதைப் பார்த்து நிம்மதி அடைகிறார்கள். நான்கு நாளாகக் குறையாமல் நிறைந்தே இருக்கும் பாட்டில் அபாய அறிகுறி.

எங்கள் பரிந்துரை: ஒரு பாட்டிலும் ஒரு சிறு கிண்ணமும். இடமில்லை என்றால் இரண்டு பாட்டில். கினி பிக், எலி போன்றவற்றைக் கூட்டமாக வளர்த்தால் இரண்டு இடத்தில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். வலுவான ஒன்று பாட்டிலை மறித்து உட்கார்ந்துகொண்டு மற்றதை விடாது.

குட்டிகள் உள்ள கூண்டில் மட்டும் ஆழமான கிண்ணம் வேண்டாம். கண் திறக்காத ஹாம்ஸ்டர் குட்டிகூட ஊர்ந்து வந்து விழும்.

பால்ரஸ் பாட்டில் எப்படி வேலை செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதித் தொல்லை தீர்ந்தது. பால்ரஸ் என்பது பாட்டில் குழாயின் நுனியில் உருளும் சிறு இரும்புக் குண்டு. பாட்டிலைத் தலைகீழாகத் தொங்கவிட்டதும் தண்ணீர் கொஞ்சம் இறங்கும். உள்ளே மேல்பகுதியில் இருக்கும் காற்றின் அழுத்தம் அதனால் குறையும். வெளிக்காற்றின் அழுத்தம் குழாயின் நுனியில் தண்ணீரைத் தாங்கிப் பிடித்துக்கொள்ளும். விலங்கு நாக்கால் பால்ரஸைத் தள்ளும்போது ஒரு துளி வெளியே வருகிறது, அதற்கு ஈடாக ஒரு காற்றுக் குமிழி குழாய் வழியே உள்ளே ஏறுகிறது. குமிழி மேலே போகவில்லை என்றால் விலங்கின் வாய்க்குத் தண்ணீர் போகவில்லை. வெறும் இரும்புக் குண்டைத்தான் நக்கிக்கொண்டிருக்கிறது.

பாட்டில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. ஏன்?

மேலே சொன்ன அழுத்தம் எங்கோ உடைகிறது. முதலில் மூடியைப் பாருங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் கழுவும்போது சிங்க்கில் போயிருக்கலாம், மடங்கி இருக்கலாம், வெடித்திருக்கலாம். வாஷரை நனைத்துப் போட்டு மூடியை நேராகத் திருகுங்கள். புரி மாறி ஏறினாலும் காற்று புகும். பாட்டிலின் அடிப்பக்கத்தில் மயிரிழை விரிசல் விழுந்திருந்தால் அதைத் தூக்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

அடுத்து, பாதி நிரப்பும் பழக்கம். 150 மில்லி பாட்டிலில் பாதி காற்று, அதாவது 75 மில்லி. காலையிலிருந்து மதியத்துக்குள் அறை 6 டிகிரி சூடானால் அந்தக் காற்று ஒன்றரை மில்லி விரியும், அவ்வளவு தண்ணீரையும் வெளியே தள்ளும். குட்டை ஹாம்ஸ்டரின் தினசரி அளவில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே மரச்சீவலுக்குள் போகிறது. பாட்டிலை விளிம்பு வரை நிரப்பினால் விரிய அங்கே காற்றே இருக்காது. ஃப்ரிட்ஜ் தண்ணீரை ஊற்றினாலும் இதே கதை இன்னும் வேகமாக நடக்கும். ஏசியை இரவெல்லாம் ஓடவிட்டுக் காலையில் அணைக்கும் வீடுகளில் "காலையில் மட்டும் ஒழுகுகிறது" என்பதற்கும் இதுதான் காரணம்.

மூன்றாவது காரணம், நுனி எதையாவது தொட்டுக்கொண்டிருப்பது. மரச்சீவலோ காகிதப் பஞ்சோ நுனியைத் தொட்டால் திரி எண்ணெயை இழுப்பதுபோல் தண்ணீரை இழுத்துவிடும். ஒரு இரவில் முழுப் பாட்டிலும் காலியாகும். ஹாம்ஸ்டர் மரச்சீவலைக் குவிக்கும் மூலையில் பாட்டில் இருந்தால் இது அடிக்கடி நடக்கும். நனைந்த படுக்கையை அன்றே அள்ளி மாற்றுங்கள். அடியில் அது பதுக்கி வைத்திருக்கும் தானியம் பூஞ்சை பிடிக்கும், சிறுநீர் நெடி ஏறும், பாதம் புண்ணாகும்.

இவை எதுவும் இல்லை என்றால் பால்ரஸ் உட்காரும் இடத்தில் உப்புப் படிந்திருக்கும். அதற்கு வினிகர் வழி கீழே இருக்கிறது.

புதிதாக மாட்டியதும் நாலைந்து சொட்டு விழுவது இயல்பு. ஒரு தாளைப் பிடித்து அதை வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிடத்துக்குப் பிறகும் சொட்டினால்தான் பிரச்சினை.

தண்ணீர் வரவே இல்லை. என்ன செய்வது?

பெரும்பாலும் குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும். பாட்டிலை மாட்டியபடியே விரல் நுனியால் பால்ரஸைப் பத்துப் பதினைந்து முறை தள்ளுங்கள், குழாயை மெல்லத் தட்டுங்கள். குமிழி ஏறும்போது விரல் நனையும். நிரப்பிய ஒவ்வொரு முறையும் இதைச் செய்ய வேண்டும். தினமும் காலையில் ஒருமுறையும் செய்ய வேண்டும். பத்து விநாடி வேலை இது. செய்யாமல் விட்டதால் ஹாம்ஸ்டரை இழந்த வீடுகள் உண்டு.

அப்படியும் வராவிட்டால் பால்ரஸ் உப்பில் இறுகியிருக்கும், அல்லது குழாயில் தீனித் துணுக்கு சிக்கியிருக்கும். கினி பிக் மெல்லும்போதே குடிக்கும், வாயில் இருப்பதைக் குழாய்க்குள் திருப்பித் தள்ளும். அதனால் அதன் குழாயை மற்றவற்றை விட அடிக்கடி உட்புறம் தேய்க்க வேண்டும்.

எந்த உயரத்தில் மாட்ட வேண்டும்?

விலங்கு நான்கு காலில் நின்று, தலையைச் சற்றே நிமிர்த்தினால் நுனி எட்ட வேண்டும். சிரியனுக்கு மரச்சீவலின் மேற்பரப்பிலிருந்து 5, 6 சென்டிமீட்டர், குட்டை வகைக்கும் சுண்டெலிக்கும் 3, 4 சென்டிமீட்டர், வளர்ந்த கினி பிக்குக்கு 8 முதல் 10. பாட்டில் சற்றுச் சாய்ந்து, நுனி கீழ்நோக்கி இருக்கட்டும். ஹாம்ஸ்டர் தோண்டுவதால் தரைமட்டம் வாரத்துக்கு வாரம் மாறும் என்பதை மறக்க வேண்டாம். பாட்டிலுக்குக் கீழே ஒரு தட்டையான கல்லையோ ஓட்டுத்துண்டையோ வைத்துவிட்டால் அந்த இடம் மாறாது, சொட்டும் ஈரமும் மரச்சீவலுக்குப் போகாது.

கண்ணாடித் தொட்டியில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டும் பாட்டில்கள் வெயில் நாளில் நழுவி விழும். தொட்டிக்குள் நிற்கும் மரத்தாங்கி அல்லது மேல்மூடிக் கம்பியிலிருந்து தொங்கும் கொக்கி நம்பகமானது. பாட்டிலின் பிளாஸ்டிக் உடம்பு பல்லுக்கு எட்டாதபடி கூண்டுக்கு வெளியே இருப்பது நல்லது. குழாய் துருப்பிடிக்காத எஃகாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் நுனியை எலி ஒரு வாரத்தில் கடித்துத் தின்னும்.

எந்தத் தண்ணீர் கொடுப்பது? போர் தண்ணீர் ஆகுமா?

நீங்கள் குடிக்கும் தண்ணீர் எதுவோ அதுவே. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் மனிதர் குடிக்கும் அளவில் இருந்தால் பாதிப்பில்லை. வாடை பிடிக்காமல் ஒதுக்கினால் அகலப் பாத்திரத்தில் சில மணி நேரம் திறந்து வைத்துக் கொடுங்கள். கேன் தண்ணீரும் ஆர்ஓ தண்ணீரும் சரி, தாது உப்பு தீனியிலிருந்து கிடைத்துவிடும். காய்ச்சி ஆற்றிய தண்ணீர் மழைக்காலத்தில் நல்லது.

உப்பு ஏறிய போர் தண்ணீரைத் தவிர்க்கச் சொல்கிறோம். நீங்கள் வாயில் வைக்கத் தயங்கும் தண்ணீரை அதுவும் தயங்கித்தான் குடிக்கும். பால்ரஸ் இறுகுவதற்கும் அதுவே முதல் காரணம்.

இளநீர், குளுக்கோஸ், பால், சீரகத் தண்ணீர்?

அன்றாடக் குடிநீராக எதுவும் வேண்டாம். பால் கழிச்சல் உண்டாக்கும். குளுக்கோஸ், பழச்சாறு, இளநீர் மூன்றிலும் சர்க்கரை இருக்கிறது. குட்டை வகை ஹாம்ஸ்டர்கள் நீரிழிவுக்கு எளிதில் ஆளாகின்றன, தவிர இனிப்புத் தண்ணீர் பாட்டிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும்.

கினி பிக்குக்கு வைட்டமின் சி சொட்டுமருந்தைத் தண்ணீரில் கலக்கலாமா?

கலக்க வேண்டாம். கினி பிக்கின் உடம்பு மனித உடம்பைப் போலவே வைட்டமின் சியைத் தானாகச் செய்துகொள்ளாது, அதனால் தேவை உண்மையானது. ஆனால் தண்ணீரில் கரைத்த வைட்டமின் வெளிச்சத்தாலும் உலோகத்தாலும் வேகமாகச் சிதைகிறது. சுவை மாறுவதால் குடிப்பதும் குறையும். குடைமிளகாய்த் துண்டு, கொத்தமல்லித் தழை, கொஞ்சம் நெல்லிக்காய் தினமும் கொடுங்கள். ஹாம்ஸ்டரும் எலியும் அந்த வைட்டமினைத் தாமே செய்துகொள்ளும்.

மற்ற மருந்துகளுக்கும் இதே விதி. நோயாளி விலங்கு தண்ணீரைக் குறைத்துவிடுவது உண்டு. பாட்டிலில் கலந்தால் எவ்வளவு மருந்து உள்ளே போனது என்று யாருக்கும் தெரியாது. மருத்துவர் சொன்ன அளவை ஊசி கழற்றிய 1 மில்லி சிரிஞ்சில் நேராகக் கொடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது, எப்படிக் கழுவுவது?

தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், பாட்டில் நிறைந்திருந்தாலும். மிச்சத்தின் மேல் ஊற்றி நிரப்பாதீர்கள். கிண்ணத்தைக் காலையும் மாலையும் கழுவ வேண்டும்.

வாரம் இருமுறை பாட்டிலை முழுதாகக் கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்பு விட்டு பிரஷ்ஷால் தேயுங்கள். பிரஷ் நுழையாத பாட்டில் என்றால் ஒரு தேக்கரண்டி பச்சரிசியும் கொஞ்சம் தண்ணீரும் போட்டு நன்றாகக் குலுக்குங்கள், சுவரில் ஒட்டிய வழவழப்பு உரிந்து வரும். குழாயை மெல்லிய பிரஷ்ஷால் மூடிப் பக்கத்திலிருந்து தேய்க்கவும். காது குடையும் பஞ்சுக் குச்சி வேண்டாம். பஞ்சு உள்ளே கழன்று அடைத்துக்கொள்ளும். சோப்பு வாடை போகும் வரை அலசுங்கள். கொதிக்கும் தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலின் வாயைக் கோணலாக்கி, ஒழுகலைத் தொடங்கி வைக்கும்.

உப்புப் படிவுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, குழாயை அரை மணி நேரம் ஊறவைத்து, பால்ரஸைத் தட்டித் தட்டி அலசுங்கள். எலுமிச்சைச் சாறும் வேலை செய்யும். பச்சைப் பாசி பிடித்தால் பாட்டிலில் வெயில் படுகிறது என்று அர்த்தம், இடத்தை மாற்றுங்கள்.

உண்மையில் எவ்வளவு குடித்தது என்று எப்படி அளப்பது?

சமையலறைத் தராசு போதும். நிரப்பிய பாட்டிலை மூடியோடு நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள், 24 மணி நேரம் கழித்து மறுபடி நிறுங்கள். ஒரு கிராம் குறைந்தால் ஒரு மில்லி. ஒழுகல் கணக்கில் சேராமல் இருக்க, அதே மாதிரி இன்னொரு பாட்டிலை அதே அறையில் ஒரு டம்ளருக்கு மேல் தொங்கவிட்டு, அது எவ்வளவு இழந்தது என்று பார்த்துக் கழியுங்கள். தொடர்ந்து நான்கைந்து நாள் அளந்தால் வழக்கமான அளவு கிடைத்துவிடும். அதை ஒரு காகிதத்தில் எழுதிக் கூண்டில் ஒட்டிவையுங்கள்.

திடீரென்று நிறையக் குடிக்கிறது. வெயில் என்று விடலாமா?

வெயில் நாளில் கொஞ்சம் கூடுவது சரி. வழக்கத்தை விட இரண்டு மடங்கு, இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் மருத்துவரிடம் போங்கள். குட்டை வகையில் நீரிழிவு, வயதான ஹாம்ஸ்டரில் சிறுநீரகக் கோளாறு, பெண் விலங்கில் கர்ப்பப்பைச் சீழ் ஆகியவை இப்படித்தான் தொடங்கும். படுக்கையின் ஒரு மூலை எப்போதும் நனைந்திருப்பதும் துணை அறிகுறி. எழுதிவைத்த எண்களைக் கையோடு எடுத்துப் போங்கள், மருத்துவருக்கு அது பெரிய உதவி.

நீர் வற்றியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? உடனே என்ன செய்ய?

கண் உள்வாங்கி மந்தமாகும், முதுகு கூனும், ரோமம் சிலிர்த்து நிற்கும், புழுக்கை குறைந்து காய்ந்து சிறுத்துவிடும். பிடரித் தோலை மெல்லத் தூக்கிவிட்டால் சட்டென்று பழைய நிலைக்குப் போக வேண்டும். கூடாரம்போல் நின்றால் நீர் வற்றியிருக்கிறது. ஹாம்ஸ்டருக்குத் தோல் இயல்பாகவே தளர்ந்தது என்பதால் இந்தச் சோதனையை மட்டும் நம்பாமல் மற்ற அறிகுறிகளையும் சேர்த்துப் பாருங்கள்.

விழிப்போடு இருந்தால் நிழலான, குளிர்ந்த இடத்தில் வைத்து, சிரிஞ்சின் நுனியில் ஒரு துளி தண்ணீரை உதட்டோரம் தொடவையுங்கள். தானாக நக்க விடுங்கள். வாய்க்குள் பீய்ச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும். ஒரு தோல் சீவிய வெள்ளரித் துண்டும் வையுங்கள், அதில் 95 சதவீதம் தண்ணீர்தான். துவண்டு கிடந்தால் வாயில் எதையும் விடாதீர்கள். மருத்துவர் தோலடியில் திரவம் ஏற்ற வேண்டியிருக்கும்.

இளம் சிரியன் ஹாம்ஸ்டரின் பின்பக்கம் நனைந்து, நாற்றத்துடன் கழிச்சலும் இருந்தால் அது ஈரவால் நோயாக இருக்கலாம். பாட்டில் ஒழுகி நனைந்திருக்கும் என்று நினைத்து நாளைக்குத் தள்ளாதீர்கள். தாயிடமிருந்து பிரித்து புது வீட்டுக்கு வந்த சில நாட்களில் அதிகம் வருவது இது. இரண்டு நாளில் உயிரே போகலாம்.

குட்டிகளுக்குத் தனியாகத் தண்ணீர் வேண்டுமா?

ஹாம்ஸ்டர் குட்டிகள் பத்து நாள் வாக்கில், கண் திறக்கும் முன்பே தீனி கொறிக்கத் தொடங்கும். அப்போதிருந்து தண்ணீர் தேவை. தாய்க்கு ஏற்ற உயரத்தில் இருக்கும் குழாய் அவற்றுக்கு எட்டாது. இரண்டாவது பாட்டில் ஒன்றை, நுனி மரச்சீவலைத் தொடாமல் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் மாட்டுங்கள். நுனிக்குக் கீழே கல் வைப்பது இங்கே மிக அவசியம். ஈரப் படுக்கையில் குட்டிகள் குளிர்ந்துபோகும். நாளுக்கு ஒருமுறை விரல்நகம் அளவு வெள்ளரித் துண்டுகளைத் தூவி, மிச்சத்தைச் சில மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

புது பாட்டிலைத் தொடவே மாட்டேன் என்கிறது.

பழைய பாட்டிலையோ கிண்ணத்தையோ எடுக்காமல் புதியதை அதன் பக்கத்தில் மாட்டுங்கள். நுனியில் வெள்ளரியைத் தேய்த்துவிட்டால் நக்கிப் பார்க்கும், துளி வந்ததும் கற்றுக்கொள்ளும். இரண்டு நாள் தராசில் பார்த்து, குடிப்பது உறுதியான பிறகே பழையதை எடுங்கள். சில பாட்டில்களில் பால்ரஸ் பெரிதாக இருக்கும், சுண்டெலியாலும் குட்டை வகையாலும் தள்ள முடியாது. அவற்றுக்கு மெல்லிய குழாய் பாட்டில் வாங்குங்கள்.

கோடையில் ஐஸ் போடலாமா?

பாட்டிலுக்குள் வேண்டாம். வெளியே வியர்த்துப் படுக்கையை நனைக்கும், பிறகு சூடாகும்போது ஒழுகும். மண்பானைத் தண்ணீர் அளவுக்குக் குளிர்ச்சி போதும். அறை 30 டிகிரியைத் தாண்டினால் தண்ணீர் மட்டும் காப்பாற்றாது, இவற்றுக்கு வியர்க்காது. உறையவைத்த தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் வெளிப்புறம் சாய்த்து வையுங்கள், உள்ளே ஒரு தரை ஓடு போடுங்கள், படுத்துக்கொள்ளும். உடம்பில் தண்ணீர் தெளிக்கவோ குளிப்பாட்டவோ கூடாது.

பயணத்தின்போது? ஊருக்குப் போகும்போது?

வண்டி குலுங்கும்போது பால்ரஸ் அசைந்து பாட்டில் முழுவதும் கொட்டிவிடும். ஓடும்போது பாட்டிலைக் கழற்றி, வெள்ளரித் துண்டு வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, பாட்டிலைக் காட்டிக் குடிக்க விடுங்கள்.

ஊருக்குப் போவதென்றால் ஒரு இரவு வரை இரண்டு பாட்டில் மாட்டிவிட்டுப் போகலாம், இரண்டையும் முந்தின நாளே சோதித்திருக்க வேண்டும். அதற்கு மேல் என்றால் தினமும் வந்து பார்க்க ஒரு ஆள் தேவை. 125 மில்லி பாட்டில் ஒரு ஹாம்ஸ்டருக்கு ஒரு வாரம் வரும் என்பது காகிதக் கணக்கு. வாஷர் நழுவினால் அது ஒரு மணி நேரத்தில் காலி. வருகிறவரிடம் "தண்ணீர் இருக்கிறதா பாருங்கள்" என்று சொல்லாமல், "பால்ரஸை விரலால் தள்ளி, விரல் நனைகிறதா, குமிழி ஏறுகிறதா பாருங்கள்" என்று சொல்லி, ஒருமுறை அவர் கையாலேயே செய்யவைத்துவிட்டுக் கிளம்புங்கள்.